குடல் நோய்க்கு மருந்து தந்த சுப்பாராவ்

ஒரே வீட்டில் இரண்டு சகோதரர்கள். சில நாள் இடைவெளியில் இருவரும் இறந்துபோனார்கள். இருவரையும் கொன்றது ஒரே நோய். அதன் பெயர் ஸ்ப்ரூ.

இது சிறுகுடலைத் தாக்கும் நோய். ஓயாமல் வயிற்றுப்போக்கு இருக்கும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. ரத்தம் வற்றிவிடும். ஆள் எலும்பும் தோலுமாக ஆகிவிடுவார்.

இன்னொரு சகோதரரையும் இந்த நோய் பிடித்தது. ஆயுர்வேத சிகிச்சை செய்துகொண்டு அவர் பிழைத்தார். அவர்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

மூன்றாவது முறை வெற்றி

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந்தேதி பீமவரத்தில் பிறந்தார். அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. ஏழைக் குடும்பம். காசிக்குப் போய் வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று 13 வயதில் வீட்டை விட்டு ஓடினார். பிடித்துவந்து பள்ளியில் விட்டார்கள்.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்றார். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாவது முறை தேறினார்.

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, ஆபரேஷன் அறையில் கதர் அங்கி அணிந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியர் வேலை பார்த்தார்.

நீல நிறப் பரிசோதனை

பிறகு அமெரிக்காவில் உள்ள போஸ்டன் நகரம் போய்ச் சேர்ந்தார். கையில் காசு இல்லை. ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்து, நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவினார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார்.

1925-ல் ஃபிஸ்க் என்ற பேராசிரியருடன் சேர்ந்து ஒரு பரிசோதனை முறையை வெளியிட்டார். ரத்தத்தில் உள்ள பாஸ்பரசின் அளவை அது காட்டும். நீல நிறம் எவ்வளவு ஆழமோ, பாஸ்பரசும் அவ்வளவு அதிகம். இந்த முறை உலகெங்கும் பரவியது.

இரண்டு மருந்துகள்

1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். அவரது குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ரத்தம் ஊறத் தேவையான வைட்டமின் இது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். வற்றிய ரத்தம் மீண்டும் ஊறியது!

1948-ல் ஆரியோமைசின் என்ற கிருமிக்கொல்லி அங்கிருந்து வெளிவந்தது. அதைக் கண்டுபிடித்தவர் டக்கர். ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் சுப்பாராவ். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் அதுவே முதலாவது.

ஸ்ப்ரூ நோய்க்கு இன்றும் டாக்டர்கள் கொடுப்பது ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும்தான். சகோதரர்களைப் பறித்த நோய்க்கு இரண்டு மருந்துகளும் சுப்பாராவின் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்தே வந்தன. 1948 ஆகஸ்டில், 53 வயதில் அவர் காலமானார்.

ரத்தம் சொல்லும் சேதி

இன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்தில் இருப்பவர்களும் ரத்தம் கொடுத்து ஃபோலிக் அமிலம், பி-12 வைட்டமின் அளவுகளைத் தெரிந்துகொள்ளலாம். ஸ்ப்ரூ முற்றினால் பெரும்பாலும் இரண்டுமே குறையும்.

சிறுகுடலில் கிருமிகள் அளவுக்கு மீறிப் பெருகினால் கதை வேறு. அவை பி-12-ஐத் தின்றுவிடும். ஃபோலிக் அமிலத்தை உண்டாக்கும். அதனால் ஒன்று குறைந்து, மற்றது கூடியிருக்கலாம். டாக்டருக்கு இது ஒரு துப்பு மட்டுமே. மூச்சுப் பரிசோதனை செய்தோ, சிறுகுடல் நீரை எடுத்துப் பார்த்தோதான் முடிவு சொல்வார்கள்.

கர்ப்பிணிகளுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதிலும் ஃபோலிக் அமிலம் இருக்கிறது.