தூண்டிற்காரர் ஐசக் வால்ட்டன்

ஆங்கில நாட்டிலே அரசனும் பாராளுமன்றத்தாரும் மாறுபட்டுப் பெரும்போர் விளைத்த காலம் அது. கோயில்களில் ஓதப்பட்டுவந்த பழைய வழிபாட்டு நூல் 1645-ம் ஆண்டில் விலக்கப்பட்டது. 1649-ல் அரசனுடைய தலையே கொய்யப்பட்டது. நாடு இங்ஙனம் அல்லோலகல்லோலப்பட்ட பின்னர், 1653-ல், ஆற்றங்கரையில் அமைந்திருந்து மீன் பிடிக்கும் வகையைக் கூறும் சிறு நூலொன்று இலண்டனில் வெளிப்போந்தது. அதனை இயற்றியவர் அறுபது அகவையை அணுகிய துணி வணிகர். ஐசக் வால்ட்டன் என்னும் பெயரினர்.

இவர் 1593-ல் ஸ்டாபோர்ட் என்னும் ஊரிற் பிறந்தார். நான்கு வயது நிரம்புமுன் தந்தையை இழந்தார். இளமையிற் கல்லூரிக் கல்வி இவருக்கு வாய்த்திலது. இலண்டனுக்குச் சென்று வணிகம் பயின்று, 1618-ல் இரும்பு வணிகர் சங்கத்தில் உறுப்பினராயினார். விற்றதோ துணி, சேர்ந்ததோ இரும்பு வணிகர் சங்கம். அந்நாளைய வழக்கம் அத்தகையது!

பிளீட் தெருவில் இவர் கடை வைத்திருந்தது நற்பேறாயிற்று. அண்மையிலிருந்த புனித டன்ஸ்டன் ஆலயத்திற்கு 1624 முதல் குருவாயிருந்தவர் பெரும்புலவராகிய ஜான் டன். குருவும் கடைக்காரரும் நண்பராயினர். டன் 1631-ல் இறந்தபின் அவர் வரலாற்றை எழுத முன்வந்த ஸர் ஹென்றி வாட்டன், செய்திகளைத் திரட்டித் தருமாறு வால்ட்டனை ஏவினார். ஆனால் எழுதாமலே 1639-ல் காலமானார். அதனால் வால்ட்டனே எழுதுகோல் ஏந்த நேர்ந்தது. 1640-ல் வெளியான அவ்வரலாறே இவரது முதற் பெருநூல். பின்னர் வாட்டன், ஹூக்கர், ஹெர்பர்ட், சாண்டர்சன் ஆகிய நால்வர் வரலாறுகளையும் எழுதினார். ஆங்கில இலக்கியம் பயிலும் நம் தோழர்கள் அவற்றைத் தூண்டில் நூலுக்கு அடுத்தபடியாகவேனும் படித்தல் நன்று.

இல்வாழ்க்கையில் இவர் உற்ற துயர் சொல்லுந்தரத்ததன்று. 1626-ல் மணந்த ரேச்சல் அம்மையார் பெற்ற மக்கள் எழுவரும் குழந்தைப் பருவத்திலேயே மாய்ந்தனர். அம்மையாரும் 1640-ல் மறைந்தார். 1647-ல் ஆன் கென் என்பாரை மணந்தார். அவரும் 1662-ல் பிரிந்தார். எஞ்சியோர் மகள் ஒருத்தியும் மகன் ஒருவனுமே. இத்தனை பிணக்குழிகளின் அருகே நின்ற ஒருவர் எழுதிய நூலில், பனி தோய்ந்த புல்வெளியும் பால் கறக்கும் பெண்ணின் பாட்டும் நிறைந்திருத்தல் வியப்பே. கவலையறியாதவர் எழுதிய பொழுதுபோக்கு நூல் என அதனை எள்ளுவார் இந்த ஆண்டுகளை எண்ணிப் பார்ப்பாராக.

இவர் கோழையுமல்லர். 1651-ல் வூஸ்டர்ப் போரில் தோற்று ஓடிய இரண்டாம் சார்ல்ஸின் அணிகலன் ஒன்று ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அதனை மறைவாய்க் கொண்டு இலண்டன் சேர்ந்து உரியவரிடம் ஒப்புவித்தவர் வால்ட்டனே. பிடிபட்டிருந்தால் உயிர்க்கே கேடு.

இனி அவர் கைக்கொண்ட கருவிகளைப் பார்ப்போம். கோல் மரத்தாலாயது, மிக நீண்டது. கயிறு குதிரை மயிரை முறுக்கித் திரித்தது. கோலின் நுனியிலேயே கட்டப்படுவது. மயிர் உருண்டும் தெளிந்தும் கண்ணாடி நிறமாயும் இருத்தல் வேண்டுமென்பர். கயிற்றைச் சுற்றும் உருளை அக்காலத்திற் புதிது. பெரிய மீனுக்கே சிலர் அதனைக் கையாண்டனர். வால்ட்டன் பெரும்பாலும் புழுவும் தவளையும் கோத்துப் பிடித்தவர். பறவை இறகாலும் விலங்கு மயிராலும் ஈயைப் போலச் செய்து, நீர்மேல் எறிந்து டிரௌட் மீனை ஏமாற்றும் ஈத்தூண்டிற் கலையில் அவர் வல்லுநரல்லர். அவர் கூறிய பன்னிரண்டு ஈக்களும் 1496-ல் அச்சான பழைய நூலொன்றினின்று வந்தவை.

அக்குறையை நிறைத்தவர் சார்ல்ஸ் காட்டன் என்னும் இளைய நண்பர். இவர் வால்ட்டனுக்கு முப்பத்தேழு ஆண்டு இளையவர், கடன்காரர், களிப்பு மிக்கவர். பத்தியிற் சிறந்த முதியவர்க்கும் இவருக்கும் எங்ஙனம் நட்பு ஏற்பட்டதென்று ஐயுறலாம். டவ் ஆறே இருவரையும் பிணைத்தது. நூலின் ஐந்தாம் பதிப்பு 1676-ல் அச்சேறும்போது, காட்டன் பத்து நாளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் இரண்டாம் பகுதியை எழுதி முடித்தார். திங்கள்தோறும் பறக்கும் ஈக்களை முறைப்படுத்தி, அறுபத்தைந்து செயற்கை ஈக்களை அதில் விளக்கினார். கரடி மயிரும் ஒட்டக மயிரும் அவற்றுக்கு உறுப்பாயின. கோல் பதினைந்து முதல் பதினெட்டு அடி. கயிறு நுனி வரவர மெலிந்து, முள்ளருகே இரண்டே மயிராதல் வேண்டும். மெல்லியதாய், தொலைவில் எறிக என்பதே அவர் கொள்கையின் சாரம். இன்றளவும் அஃது அழியவில்லை.

அழிந்தவை கருவிகளே. குதிரை மயிருக்குப் பதில் பட்டுப்புழுவின் நரம்பு வந்தது. 1938-ல் நைலான் தோன்றிய பின், நம் கடற்கரையார் தங்கூசி என வழங்கும் இழை அதனையும் தள்ளியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கர் மூங்கிலை ஆறு கீற்றாய்ப் பிளந்து ஒட்டிக் கோல் செய்தனர். முதலில் அதற்குதவியது கல்கத்தாவிலிருந்து சென்ற இந்திய மூங்கில். பின்னர்க் கண்ணாடி நாரும், 1970-களில் கரி நாரும் வந்து கோலை இறகுபோல் இலேசாக்கின. ஆயினும் வால்ட்டனது மயிர்க்கயிறு கரையில் விழுந்தால் மக்கும். நைலானோ நெடுநாள் கிடந்து பறவைகளின் காலைச் சுற்றும். விரைவில் மக்கும் இழையைக் காண்பதே இக்கருவிகளுக்கு இனி உள்ள பெரும்பணி என்பது என் கருத்து.

வால்ட்டன் பழிக்குத் தப்பியவரல்லர். பைரன் 1823-ல் வெளியான தம் காவியப் பகுதியில் இவரைக் கொடியவரென்று இகழ்ந்தார். உயிருள்ள தவளையை முள்ளிற் கோக்க இவர் கூறும் முறையைப் படிப்போர் பைரனை முற்றும் மறுத்தல் அரிது.

இவர் முதுமையில் வின்செஸ்டரில் வாழ்ந்து, 1683 டிசம்பர் 15-ல், தொண்ணூறாம் வயதில், மருமகன் இல்லத்தில் உயிர் நீத்தார். அந்நகரப் பேராலயத்தில் அடக்கப்பட்டார். தம் நிலத்தின் வருவாயால் பிறந்த ஊரின் ஏழைச் சிறுவர் இருவர் தொழில் பயிலவும், குளிர் கொடிதாகும் ஜனவரி இறுதி அல்லது பிப்ரவரித் தொடக்கத்தில் வறியோர்க்கு நிலக்கரி வழங்கவும் மரண சாசனத்தில் வழி காட்டியிருந்தார். 1914-ல் தூண்டிற்காரர் பலர் பொருளுதவி அப்பேராலயத்தில் வண்ணக் கண்ணாடிச் சாளரமொன்றை இவர் நினைவாக அமைத்தனர். காட்டன் கடனால் தம் நிலபுலங்களை விற்க நேர்ந்தது. ஆனால் 1674-ல் டவ் ஆற்றோரம் அவர் கட்டிய மீன்பிடி இல்லம் இன்றும் நிற்கிறது. அதன் வாயிலின்மேல் இருவர் பெயரின் முதலெழுத்துக்களும் ஒன்றோடொன்று பின்னிச் செதுக்கப்பட்டுள்ளன.