ஒளி வளையம் கண்ட அறிஞர்

திருமலை மாட வீதிகளில் தேர் வலம் வருவதைக் கண்டவர் நாம். அதுபோல் எலெக்ட்ரான்களை வெற்றிடக் குழாய்க்குள் மணிக்கணக்காக வலம்வரச் செய்தவர் புரூனோ டவுஷெக்.

1921இல் வியன்னாவில் பிறந்தார். தாய் யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் பல்கலைக்கழகக் கதவு அவருக்கு அடைக்கப்பட்டது. ஜெர்மனிக்கே சென்று மறைவாகப் படித்தார். துகள்களை முடுக்கும் கருவியொன்றை அமைக்க உதவினார். 1945இல் இரகசியப் போலீசார் அவரைச் சிறைப்படுத்தினர். வேறு முகாமுக்கு நடத்திச் செல்லும் வழியில் நோயால் விழுந்தவரைக் காவலன் சுட்டான். இறந்தார் என்று விட்டுச் சென்றனர், அவரோ பிழைத்தார்!

கிளாஸ்கோவில் டாக்டர் பட்டம் பெற்று, 1952இல் ரோம் சேர்ந்தார். எலெக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் ஒரே வளையத்தில் எதிரெதிராக ஓடவிடலாம் என்று 1960இல் எடுத்துரைத்தார். மறு ஆண்டே பிராஸ்காட்டியில் ‘ஆடா’ வளையம் இயங்கியது. குறுக்களவு ஏறக்குறைய ஒன்றரை மீட்டரே. காந்தத்தால் வளையும் எலெக்ட்ரான் ஒளி சிந்தும்; ஒற்றை எலெக்ட்ரானின் ஒளியையும் அங்கே கண்ணால் காண முடிந்தது.

பின்னர் ஆடாவைப் பிரான்சுக்குக் கொண்டு சென்றனர். 1963இல் அதில் துகள்களை மிகுதியாக ஏற்றியபோது, அவை விரைந்து குறைந்தன. நெருங்கி ஓடும் துகள்கள் தமக்குள் மோதிச் சிதறுவதே காரணம் என்று டவுஷெக் கண்டார். தம் கருவியின் குறையையே ஆராய்ந்து உண்மை கண்டவர் அவர். இன்று அவ்விளைவு அவர் பெயரால் வழங்குகிறது. சிறு வளையம் அமைப்போர் அதைக் கணக்கிட்டே தீரவேண்டும்.

1978இல் அவர் மறைந்தார். 1999இல் இந்தூரில் இந்தியாவின் முதல் ஒளி வளையமான ‘இந்தஸ்-1’ ஒளிர்ந்தது. கதவு அடைபட்டதென்று சோரும் மாணவருக்கு அவர் வாழ்வும் ஓர் ஒளியே.