துயரம் கற்பித்த பாடம்

இங்கிலாந்தின் விமான மேதை ஜெப்ரி டி ஹாவிலண்ட். 1882-ல் பிறந்தவர். தம் கம்பெனி விமானங்களிலேயே இரு மகன்களைப் பறிகொடுத்தவர்! ஆயினும் தளரவில்லை.

அவரது கம்பெனியின் 'காமெட்', உலகின் முதல் ஜெட் பிரயாணி விமானமாக 1952-ல் சேவை தொடங்கியது. 1954-ல் இரண்டு காமெட்டுகள் இத்தாலியருகே கடலுக்கு மேல் நொறுங்கி விழுந்தன. 56 பேர் மாண்டனர்.

காரணம் என்ன?

ஒரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார்கள். உள்ளேயும் தண்ணீர் நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். கம்பியைப் பலமுறை மடக்கினால் ஒடியுமல்லவா? அதுபோல் ஜன்னல் மூலையில் தகடு கிழிந்தது. வானில் ஏறும்போதெல்லாம் உள்ளிருந்த காற்றழுத்தமே அதை நைத்திருந்தது.

புதிய காமெட்டுக்குத் தகடு கனமாயிற்று; ஜன்னல் வட்டமாயிற்று. 1958-ல் அது பிரயாணிகளுடன் அட்லாண்டிக்கைத் தாண்டியது. அதைக் கண்ட பெரியவர் 1965-ல் கண்மூடினார். விமான உடலை இவ்வாறு சோதிக்கும் வழக்கம் இன்றும் உயிர்களைக் காக்கிறது.