மான்செஸ்டரின் நோயும் காஸ்கெல் அம்மையாரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் பலருக்கு நோய் ஒரு கைக்கெட்டும் கருவி. கதைத்தலைவி மெலிந்து வெளிறி மறைவாள். படிப்பவர் கண் கலங்குவர். ஆலை நகரமான மான்செஸ்டரில் வாழ்ந்து எழுதிய எலிசபெத் காஸ்கெல் அம்மையாரிடம் நோய் அவ்வாறு வருவதில்லை. அவருடைய நோயாளிக்குக் கூலி எவ்வளவு, வீட்டில் அடுப்பெரிந்ததா, மருத்துவமனைச் சீட்டு யார் கையில் இருக்கிறது என்னும் கணக்குகள் எல்லாம் உடன் வரும்.

1810 செப்டம்பர் 29 அன்று இலண்டன் மாநகரின் செல்சீ பகுதியில் பிறந்தார். ஓராண்டு கடந்த சிறிது காலத்தில் தாய் இறந்தார். செஷயரில் உள்ள நட்ஸ்ஃபர்டு என்னும் சிற்றூரில் பெரியம்மாவே வளர்த்தார். கடலோடியாகிய ஒரே அண்ணன் ஜான், இந்தியப் பயணம் ஒன்றில் காணாமற் போனார். 1832 ஆகஸ்டில், யூனிடேரியன் திருச்சபைப் போதகரான வில்லியம் காஸ்கெலை மணந்து மான்செஸ்டரில் குடியேறினார்.

அது அந்நகரைக் காலரா தாக்கிய ஆண்டு. பத்தாண்டுகள் கழித்து, 1842இல், எட்வின் சாட்விக் வெளியிட்ட சுகாதார அறிக்கை ஒரு கணக்கைச் சொன்னது. மான்செஸ்டர் கனவான்கள் குடும்பங்களில் சராசரி இறப்பு வயது 38. தொழிலாளர் குடும்பங்களில் 17. குழந்தைகளின் சாவே பின்னதை அவ்வளவு தாழ்த்திற்று. போதகரின் மனைவி என்ற முறையில் ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று வந்த அம்மையார், அந்த 17 என்ற எண்ணின் முகங்களைப் பார்த்தவர்.

1845இல் அவருடைய ஒரே ஆண்மகன், ஓராண்டு நிறையாத வில்லியம், செங்காய்ச்சலால் இறந்தான். துயரில் மூழ்கிக் கிடந்தவரை நாவல் எழுதுமாறு தூண்டியவர் கணவர். அவ்வாறு பிறந்ததே 1848இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த 'மேரி பார்ட்டன்'. முதலில் அதற்கு அவர் எண்ணிய பெயர் 'ஜான் பார்ட்டன்'. மகளின் கதையாக அன்றி, கொலைகாரனாகிவிடும் தந்தையின் கதையாகவே அவர் மனத்தில் அது இருந்தது.

அந்த ஜான் பார்ட்டனின் சிறுமகனும் செங்காய்ச்சலால்தான் இறக்கிறான். தம் மகனைக் கொண்டுபோன அதே நோயை அம்மையார் நெசவாளியின் வீட்டுக்குக் கொடுத்தார். ஆனால் ஒன்றை மாற்றினார். நல்ல உணவு கிடைத்தால் பையன் தேறக்கூடும் என்கிறார் மருத்துவர். பார்ட்டனோ வேலையிழந்தவன். கடைத்தெருவில் பசியோடு நிற்கையில், தன்னை வேலையினின்றும் நீக்கிய முதலாளியின் மனைவி விருந்துக்கு வேண்டிய பண்டங்களோடு வண்டி ஏறுவதைக் காண்கிறான். வீடு திரும்பும்போது மகன் பிணமாகக் கிடக்கிறான். போதகர் வீட்டில் ஊழ் எனப்பட்ட சாவு, நெசவாளி வீட்டில் குற்றச்சாட்டாகிவிடுகிறது. தம் சொந்த இழப்பைத் தமக்கென வைத்துக்கொள்ளாத இந்தத் துணிவையே நான் அவருடைய பெரும் சாதனையாகக் கருதுகிறேன்.

அதே நாவலில் நிலவறையில் காய்ச்சலோடு கிடக்கும் டேவன்போர்ட்டுக்காக அவன் நண்பன் ஆலை முதலாளியிடம் செல்கிறான். அங்கே காலையுணவு நடந்துகொண்டிருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ப்பதற்கான சீட்டு கைவசம் இல்லை. புறநோயாளிச் சீட்டே கிடைக்கிறது. அதற்கு உரிய நாள் வருமுன் டேவன்போர்ட் இறந்துபோகிறான். ஆலை முதலாளிகள் சினந்ததில் வியப்பில்லை. நாவலின் முடிவில் பகைவர்கள் கிறித்தவப் பொறையால் இணங்கிவிடுவது எனக்கு நிறைவு தரவில்லை; அத்தனை கணக்குகளையும் எழுதிய கை, கூட்டுத்தொகை போடுமிடத்தில் தயங்கிவிட்டது.

'வடக்கும் தெற்கும்' 1854 செப்டம்பர் முதல் டிக்கன்சின் வார இதழில் தொடராக வந்தது. தொடரின் நீளம் குறித்து இருவருக்கும் மனக்கசப்பு. அதில் வரும் பெஸ்ஸி ஹிக்கின்ஸ் பத்தொன்பது வயதுப் பெண். ஆலையில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியில் பறக்கும் தூசு அவள் நுரையீரலில் படிந்துவிட்டது. அத்தூசை இழுத்து வெளியேற்ற ஒரு சக்கரம் உண்டு. விலை ஐந்நூறு, அறுநூறு பவுன். இலாபம் எதுவும் தராது. ஆதலால் அதனை வைக்கும் முதலாளிகள் சிலரே. தொழிலாளரிலும் சிலர் அதை விரும்புவதில்லை. பஞ்சுத் தூசை விழுங்கிப் பழகியவர்க்கு அது நின்றதும் பசி மிகுகிறதாம்; கூலியை உயர்த்த வேண்டுமாம். தூசே உணவாகிவிட்ட இக்கொடுமையை எந்த அலங்காரமும் இன்றி அந்தப் பெண்ணே பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறாள்.

இன்னொன்றும் சொல்கிறாள். வேறு வேலைக்கு அவள் போகாததற்குக் காரணம், தங்கையின் பள்ளிச் செலவும் தந்தையின் புத்தகச் செலவும், அவர் கேட்கப் போகும் சொற்பொழிவுகளின் செலவும். புத்தகமும் சொற்பொழிவுமாகப் பத்தாண்டு கண்ட நம் வட்டத்தார் இவ்விடத்தைச் சற்று நின்று படிக்கலாம். பெஸ்ஸியின் மூச்சுத் திணறல் ஆலைச் சமுதாயம் முழுவதற்கும் உருவகம் என்று திறனாய்வாளர் கூறுவர். மெய்தான். ஆயினும் அது முதலில் ஒரு பெண்ணின் இருமல்; சக்கரத்தின் விலை தெரிந்தபின்னரே உருவகம்.

1853இல் வந்த 'ரூத்' நாவலில், ஊரால் ஒதுக்கப்பட்டவள் காய்ச்சல் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து மடிகிறாள். மணமாகாத தாயைத் தலைவியாக்கியதற்காகக் கணவரின் சபையைச் சேர்ந்தவர் சிலர் அந்நூலை எரித்தனர். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று ஆலைகள் மூடியபோது, 1862இல், அம்மையார் நிவாரணப் பணியில் உடல் தளரும்வரை உழைத்தார்.

பின்னர் ஹாம்ப்ஷயரின் ஹாலிபோர்ன் சிற்றூரில், கணவருக்குத் தெரிவியாமல், தம் எழுத்தின் வருவாயைக் கொண்டு ஒரு வீடு வாங்கினார். அவ்வீட்டில் மகள்மாருடன் உரையாடிக்கொண்டிருந்த வேளையில், 1865 நவம்பர் 12 அன்று, திடீரென உயிர் பிரிந்தது. அப்போது தொடராக வந்துகொண்டிருந்த 'மனைவியரும் மகள்மாரும்' நாவலின் இறுதிப்பகுதி எழுதப்படாமல் நின்றது. மருத்துவர் ஒருவரின் மகளே அதன் தலைவி.