பாலம் சமைத்த ஜான் ரென்னி

பாலத்தின் அழகைப் பாராட்டுவோர் அதன் வளைவுகளையும் கைப்பிடிச் சுவர்களையும் கண்டு பாராட்டுவர். அதன் உயிரோ நீருக்கு அடியில், மண்ணுக்குள் மறைந்து கிடக்கிறது. இவ்வுண்மையை நன்குணர்ந்து தொழிற்பட்ட பொறியியல் வல்லுநர் ஜான் ரென்னி. அவருடைய கடைசிப் பாலத்தின் வரலாறு, அதை மறந்தால் வரும் கேட்டையும் நமக்குக் காட்டுகிறது.

ரென்னி, ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில் 1761ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். கதிரடிக்கும் இயந்திரத்தை அமைத்துப் புகழ்பெற்ற ஆண்ட்ரூ மெய்க்கிள் என்பவரின் பட்டறை, அவர் பள்ளிக்குச் செல்லும் வழியில் இருந்தது. சிறுவனின் மனம் பள்ளியைவிடப் பட்டறையிலேயே மிகுதியும் ஈடுபட்டது. அங்கே கைத்தொழில் கற்றார். பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வேதியியலும் பயின்றார். கையறிவும் நூலறிவும் அவரிடம் ஒன்று சேர்ந்தன.

அவருடைய ஆசிரியர் ராபிசன், நீராவிப் பொறி புகழ் ஜேம்ஸ் வாட்டிடம் அவரை அறிமுகப்படுத்தினார். 1784இல் லண்டனில் ஆல்பியன் மாவாலையின் இயந்திரங்களை அமைக்கும் பொறுப்பு ரென்னிக்குக் கிடைத்தது. மரப் பற்சக்கரங்களுக்குப் பதிலாக இரும்புச் சக்கரங்களைப் பெருமளவில் பயன்படுத்திப் பெயர் பெற்றார். பின்பு கால்வாய்கள், துறைமுகங்கள், அலைதாங்கிகள் எனப் பல பணிகள் அவரை நாடி வந்தன.

1803இல் ட்வீடு ஆற்றின்மீது கெல்சோவில் அவர் கட்டிய கற்பாலம் இன்றும் நிற்கிறது. 1817இல் திறக்கப்பெற்ற வாட்டர்லூ பாலம் அவர் புகழை உச்சிக்குக் கொண்டு சென்றது. ஒவ்வொன்றும் 120 அடி அகலமுள்ள ஒன்பது வளைவுகள் அதில் இருந்தன. ஆற்றுக்குள் தற்காலிக அணை அடைத்து, நீரை நீராவிப் பொறியால் இறைத்துவிட்டு, அடித்தளத்தைக் கண்ணால் கண்டே கட்டுவது அவர் முறை. தமக்கு அளிக்க முன்வந்த 'சர்' பட்டத்தை அவர் ஏற்கவில்லை.

அக்காலத்தில் லண்டனின் பழைய பாலம் பெருந்தொல்லையாக இருந்தது. 1209இல் கட்டி முடிக்கப்பெற்ற அப்பாலத்தின் தடித்த தூண்கள் ஆற்றை மறித்தன. இடுக்குகளில் நீர் சீறிப் பாய்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மேலிருந்த வீடுகளை இடித்துப் பாதையை அகலமாக்கினர். நடுவிலே ஒரு தூணை அகற்றி இரண்டு வளைவுகளை ஒன்றாக்கினர். பயன் என்ன? அவ்வழியே நீர் மேலும் வேகமாகப் பாய்ந்து அடிமண்ணை அரித்தது. ஆராய்ந்து கருத்துரைக்குமாறு ரென்னியைக் கேட்டனர். ஒட்டுப்போடுவதில் பயனில்லை, புதிய பாலமே வேண்டும் என்பது அவர் முடிவு. ஐந்து வளைவுகள் கொண்ட புதிய பாலத்துக்கு வடிவமும் தந்தார். ஆனால் அது எழுவதைக் காணாமலே 1821ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் மறைந்தார். தூய பவுல் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

தந்தையின் வடிவத்தை அதே பெயருடைய மகன் கட்டி முடித்தார். 1831இல் நான்காம் வில்லியம் மன்னர் பாலத்தைத் திறந்து வைத்தார். குதிரை வண்டிகளுக்கென அமைந்த அப்பாதை, நூற்றாண்டின் இறுதியில் நெரிசலால் திணறியது. 1902 முதல் 1904 வரை அதனை 65 அடியாக அகலமாக்கினர். ஆற்றில் புதுத் தூண் எழுப்பவில்லை. பாலத்தின் இரு பக்கங்களிலும் கருங்கல் தாங்கிகளைப் பதித்து வெளியே நீட்டி, அவற்றின்மீது நடைபாதைகளை ஏற்றினர். முன்பு நடைபாதையாக இருந்த இடம் வண்டிகளுக்குக் கிடைத்தது.

கண்ணுக்கு நல்ல உபாயந்தான். ஆனால் கூடிய சுமை எங்கே போகும்? தாங்கியிலிருந்து வளைவுக்கும், வளைவிலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து அடியிலுள்ள மரமுளைகளுக்கும், முடிவில் ஆற்று மண்ணுக்குமே போகும். மேலே அகலம் கூடியது; அடித்தளம் பழைய அளவிலேயே நின்றது. பாலம் எட்டாண்டுக்கு ஓர் அங்குலம் வீதம் அமிழலாயிற்று. 1924க்குள் கிழக்குப் பக்கம் மேற்கைவிட மூன்று நான்கு அங்குலம் தாழ்ந்துவிட்டது.

இறுதியில் 1968இல் அப்பாலத்தை ஓர் அமெரிக்கச் செல்வருக்கு விற்றனர். அதன் முகப்புக் கற்களுக்கு எண்ணிட்டுக் கப்பலேற்றினர். அரிசோனாவின் ஹவாசு ஏரிக்கரையில் உள்ளே கான்கிரீட்டும் வெளியே ரென்னி பாலத்தின் கற்களுமாக அது 1971இல் மீண்டும் எழுந்தது. லண்டனில் அதன் இடத்தில் 1973இல் புதுப்பாலம் திறக்கப்பெற்றது. அகலப்படுத்துவதற்கென வெட்டி, பயன்படாமல் போன கருங்கற்கள் சில டார்ட்மூர் மேட்டில் இன்றும் கிடக்கின்றன.

பழைய பாலத்துக்கு ஒட்டுப்போட வேண்டாம் என்றவரின் பாலத்துக்கே பின்வந்தோர் ஒட்டுப்போட்டனர். அவர்களைக் குறை கூறுவது எளிது; நெரிசலும் செலவும் அவர்களை நெருக்கின. ஆயினும் மேலே ஒரு கல்லை வைக்குமுன் கீழே உள்ள மண்ணைக் கேட்க வேண்டும் என்பதே ரென்னியின் வாழ்வு தரும் பாடம். பாலத்துக்கு மட்டுமன்று, நாம் கற்கும் கல்விக்கும் அது பொருந்தும்.