குறி தவறிய குண்டு

புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனால் அவரும் எங்களைப் போல ரயில்வேயில் சம்பளம் வாங்கியவர்தான் என்பது பலருக்குத் தெரியாது.

1875 ஜூலை 25-ஆம் தேதி நைனிடாலில் பிறந்தார். தகப்பனார் அவ்வூர் போஸ்ட்மாஸ்டர். ஜிம் சிறு பிள்ளையாக இருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். பெரிய குடும்பம், மேல்படிப்புக்கு வழியில்லை. இளம் வயதிலேயே ரயில் என்ஜின்களுக்கு விறகு வெட்டும் பணியை மேற்பார்க்கும் வேலையில் சேர்ந்தார். பிறகு கங்கைக் கரையில் மொகாமே காட் என்ற இடத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். அகலப் பாதை வண்டிகளில் வந்த சரக்கை மீட்டர் கேஜ் வண்டிகளுக்கு மாற்றி அனுப்பும் பொறுப்பு அவருடையது. கொல்லம்-செங்கோட்டை மீட்டர் கேஜ் வண்டியில் பயணம் செய்த நம்மவர்களுக்கு அந்த வேலையின் சிரமம் புரியும்.

சிறுவயதில் அவருக்குக் கிடைத்தது ஒரு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. அதில் ஒரு குழல் வெடித்திருந்தது. மருந்து இடித்து நிரப்பும் ரகம். ஒரு தடவை சுட்டால் மறுபடி நிரப்புவதற்குள் மிருகம் ஓடிவிடும். ஆகவே ஒரே குண்டில் கொல்ல முடியாவிட்டால் சுடக்கூடாது என்ற பாடத்தை அப்போதே கற்றார்.

அந்தப் பாடத்தின் அருமை 1907-இல் தெரிந்தது. குமாவுன் மலையில் சம்பாவத் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பெண்புலி மனிதரைத் தின்று வந்தது. நேபாளத்திலும் குமாவுனிலுமாக 436 பேர் பலி என்பது கார்பெட் எழுதிவைத்த கணக்கு. ஊரார் கூடிப் புலியை விரட்டியபோது அவரிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். இரண்டு குண்டுகள் பட்டும் புலி விழவில்லை. கையில் தோட்டா இல்லை. ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி வந்து, சுமார் 20 அடி தூரத்தில் நின்று புலியின் வாயைக் குறிவைத்துச் சுட்டார். குண்டு பட்டதோ முன்னங்காலில். முந்தைய காயங்களால்தான் புலி உயிரை விட்டது.

பிறகு அதன் வாயைப் பார்த்தார். வலப்பக்கத்துக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்டுக் கொல்லாமல் விட்ட பழைய குண்டுக் காயம் அது. மானைப் பிடிக்க முடியாத புலி மனிதனைப் பிடித்தது. 1938 நவம்பரில் தக் கிராமத்தில் அவர் சுட்ட பெண்புலியின் உடலிலும் பழைய துப்பாக்கிக் காயங்கள் இருந்தன. தோளில் ஒன்று சீழ் பிடித்திருந்தது.

இதன் காரணத்தை வாசகர்கள் அறிவது நல்லது. நுனியில் ஈயம் வெளியே தெரியும் குண்டு, உடம்பில் பட்டதும் காளான் போல விரியும். புலி, மான் முதலியவற்றின் நெஞ்சில் பட்டால் அது விரைவில் கொல்லும். யானைக்கும், இங்கே காட்டுப்போத்து என்கிறார்களே அந்தக் காட்டெருமைக்கும் அது போதாது. யானையின் மண்டையோடு தேன்கூடு போல அறை அறையாக இருக்கும்; மூளை வெகு உள்ளே இருக்கிறது. முழுவதும் உலோக உறை போட்ட கெட்டிக் குண்டுதான் அதுவரை போகும். சிறு ரவைகளோ தோலுக்கடியில் தங்கிப் புண்ணாகும். எந்தக் குண்டானாலும் இடம் தவறினால் மிருகம் சாகாது; நொண்டியாகித் திரியும். அதற்கு விலை கொடுப்பவர்கள், புல்லறுக்கவும் விறகு பொறுக்கவும் காட்டுக்குப் போகும் ஏழைகள்.

இதைக் கண்ணால் கண்டதாலோ என்னவோ, கார்பெட் நாளடைவில் துப்பாக்கியைக் குறைத்துக் காமிராவைத் தூக்கினார். 1936-இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமையப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். திருவிதாங்கூரில் பெரியாறு ஏரியைச் சுற்றிய காடு அதற்கு இரண்டாண்டு முன்பே, 1934-இல், சரணாலயமாகியிருந்தது என்பது நமக்குப் பெருமை. 1947-இல் கென்யாவுக்குப் போன கார்பெட், 1955 ஏப்ரல் 19-ஆம் தேதி அங்கே காலமானார். பின்னர் அப்பூங்காவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் அங்கேதான் தொடங்கியது. 1978-இல் பெரியாறும் அதில் சேர்ந்தது.

1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வேட்டை குற்றம். ஆனாலும் கள்ளத் துப்பாக்கிகள் அடியோடு ஒழிந்துவிடவில்லை. இங்கே மியூசியம் வளாகத்தில் பிள்ளைகளுக்குப் புலியைக் காட்டும்போது, ஒரு குறி தவறிய குண்டு 436 உயிர்களுக்கு எமனான கதையையும் சேர்த்துச் சொல்லலாம்.