தூண்டிலைப் படித்த அறிஞர் ஜேம்ஸ் ஹார்னெல்

திருவனந்தபுரத்தை அடுத்த பூந்துறை, விழிஞ்சம் முதலிய கடற்கரை ஊர்களில், தூண்டில் தொழில் செய்வோரிடையே ஒரு சிறு கைவேலை உண்டு. தூண்டில் முள்ளின் தண்டில் பளபளக்கும் இழைகளை வைத்து நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். நீரில் இழுக்கும்போது அது சிறுமீன்போல் மின்னும். சூரையும் பாரையும் இரையென்று நம்பிப் பாயும். மேலை நாடுகளில் இறகும் மயிரும் கொண்டு இதே வேலையை வீட்டு மேசையில் அமர்ந்து செய்வோர் பலர். அவர்கள் இதனை ‘ஈ’ கட்டுதல் என்பார்கள். ஆற்றுமீனை ஏய்க்க ஈயைப்போலக் கட்டத் தொடங்கிய கலை அது. கடலுக்கென்று சிறுமீனைப்போலக் கட்டிய பின்னரும் பெயர் மாறவில்லை. அங்கே இக்கலைக்கு நூல்கள் உண்டு, கழகங்கள் உண்டு. நம் கரையிலோ தந்தையின் கையைப் பார்த்து மகன் கற்பதே பள்ளி.

எழுத்தில் ஏறாத இத்தகைய அறிவையும் அறிவென்று மதித்து, அதைத் தேடித் தொகுப்பதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஜேம்ஸ் ஹார்னெல். தமிழகக் கடற்கரையின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் அவர் பெயரைத் தாண்டிச் செல்ல இயலாது.

ஹார்னெல் 1865ஆம் ஆண்டில் பிறந்தவர். இளமையில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள ஜெர்சித் தீவில், ஜோசப் சினெல் என்பவருடன் சேர்ந்து கடலுயிர் ஆய்வு நிலையம் ஒன்றை நடத்தினார். கடலுயிர்களைப் பதப்படுத்தி, உருப்பெருக்கியில் வைத்துப் பார்ப்பதற்கான கண்ணாடித் தகடுகளைச் செய்து விற்பதும் அந்நிலையத்தின் வேலை. கண்ணும் விரலும் ஒருங்கே பழகினாலன்றி அத்தொழில் கைவராது. பின்னாளில் மீனவர் கைத்திறனை அவர் மதித்ததற்கு வித்து அங்கேயே விழுந்தது எனலாம்.

1902இல் முத்துக் குளிப்பை ஆராயப் பேராசிரியர் ஹெர்ட்மன் இலங்கைக்கு வந்தபோது, ஹார்னெலும் உடன் வந்தார். ஹெர்ட்மன் ஊர் திரும்பினார். ஹார்னெல் மன்னார் வளைகுடாவிலேயே தங்கிவிட்டார். 1908இல் சென்னை அரசின் பணியில் சேர்ந்து, தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்புகளைக் கண்காணித்தார். சங்கெடுக்கும் குளியாளிகளோடும் கரையிலுள்ளோரோடும் பழகி அறிந்தவற்றை 1914இல் இந்தியச் சங்கு பற்றிய ஒரு நூலாக்கினார். கடலின் அடியில் ஊர்ந்த சங்கு வங்காளத்துப் பெண்ணின் கைவளையாகும் வரை அதன் பயணத்தை அந்நூலில் காணலாம்.

1918 முதல் 1924 வரை அவர் சென்னை மாநில மீன்துறையின் இயக்குநர். பெரும் பதவி, ஆயினும் அவர் நாட்டம் கோப்புகளோடு நின்றுவிடவில்லை. கட்டுமரம் எத்தனை மரங்களால் ஆனது, எந்த வலை எந்த மீனுக்கு, எந்தக் கயிறு எந்த ஆழத்துக்கு என்று கரைதோறும் விவரம் தேடினார். இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றிய அவர் ஆய்வு 1920இல் வெளிவந்தது. சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகளை 1920களிலும், மலபார்க் கரையின் முறைகளை 1930களிலும் தனித்தனியே எழுதி வெளியிட்டார்.

பணி ஓய்வுக்குப் பின் மற்றவர்கள் சாய்வு நாற்காலியைத் தேடுவார்கள். ஹார்னெல் கப்பலைத் தேடினார். 1924இல் ‘செயிண்ட் ஜார்ஜ்’ என்ற கப்பலில் ஓர் ஆய்வுக் குழுவுடன் பசிபிக் தீவுகளை நோக்கிப் புறப்பட்டார். மார்க்கெசாஸ், தாகித்தி முதலிய தீவுகள் அப்பயணத்தில் அடங்கும். பொய்யிரைக் கலை உச்சத்தைத் தொட்ட உலகம் அது. முத்துச்சிப்பியின் ஓட்டை இழைத்து, மீன் வடிவில் தண்டு செய்வர். எலும்பிலோ ஆமையோட்டிலோ கூரிய முள் செய்து அதனோடு நாரால் பிணைப்பர். அடியில் இறகோ மயிரோ ஒரு குஞ்சமாகக் கட்டுவர். சூரைக் கூட்டத்தின் நடுவே மூங்கிற் கழியில் இதைத் தொங்கவிட்டு இழுத்தால், சிப்பியின் ஒளி சிறுமீனின் செதிலாகிவிடும், குஞ்சம் வாலாகிவிடும். அம்முள்ளுக்குப் பெரும்பாலும் எதிர்க்கொக்கி இராது. கழியை வீசித் தூக்கியதும் மீன் படகில் தானே கழன்று விழ வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு செய்தனர். சாலமன் தீவுகளிலோ முள்ளே இல்லாத பொய்யிரையும் உண்டு. சிலந்தி வலையைத் திரட்டிப் பட்டத்தின் வாலில் கட்டி நீரின்மேல் துள்ளவிடுவர். முரல் மீனின் நுண்பற்கள் அதில் சிக்கிக்கொள்ளும்!

நம் அண்டையிலுள்ள மினிக்காய்த் தீவின் சூரைத் தூண்டிலைப் பாருங்கள். வெள்ளீயம் பூசிப் பளபளக்கும் முள்; அதற்கும் எதிர்க்கொக்கி கிடையாது. கடல்கள் வேறு, மொழிகள் வேறு. கைகள் கண்டறிந்த விதி ஒன்று. வேகமாக நீந்தும் மீனுக்கு இரையை நின்று ஆராய நேரமில்லை. மினுக்கு, அளவு, அசைவு ஆகிய மூன்றும் பொருந்தினால் போதும். கட்டுபவன் அந்தப் பருவத்தில் நீரில் ஓடும் சிறுமீனின் அளவை அறிந்திருக்க வேண்டும். இழை தண்டில் சுழலாதவாறு கட்ட வேண்டும். தங்கூசி நுழையும் வளையத்தை மூடாமல் விட வேண்டும். உப்புநீர் முள்ளை அரிக்கும் என்பதால் நன்னீரில் கழுவி வைக்க வேண்டும். இவை சிறு செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் கடலில் ஒருநாள் உழைப்பு வீணாவதும் நிறைவதும் இச்சிறு செய்திகளில்தான் இருக்கிறது.

முதுமையிலும் ஹார்னெலின் எழுதுகோல் ஓயவில்லை. பசிபிக் தீவுகளின் தோணிகளைப் பற்றி ஹேடனுடன் சேர்ந்து எழுதிய பெருநூல் 1936 முதல் 1938 வரை மூன்று தொகுதிகளாக வந்தது. உலகின் நீர்ஊர்திகளைப் பற்றிய நூல் 1946இல் வெளியாயிற்று. 1949இல் அவர் மறைந்தார். பல நாட்டு மீன்பிடி முறைகளைத் தொகுத்துச் சொல்லும் அவருடைய கடைசி நூல் 1950இல் அச்சேறியபோது, அதைக் கையில் வாங்கிப் பார்க்க அவர் இல்லை.

குறையற்ற அறிஞர் என்று அவரைச் சொல்வதற்கில்லை. தமிழகப் படகுகளில் பசிபிக் மக்களின் செல்வாக்கைக் கண்ட அவர் கருத்தைப் பின்வந்தோர் பலர் மறுத்துள்ளனர். முத்தையும் சங்கையும் தன் உடைமையாக்கி வைத்திருந்த அரசின் அலுவலராகவே அவர் நம் கரைக்கு வந்தார் என்பதையும் மறக்கலாகாது. இன்னொன்றும் உண்டு. அந்நூல்களின் முகப்பில் ஹார்னெலின் பெயர் இருக்கிறது. சொல்லிக்கொடுத்த மீனவர்களின் பெயர் இல்லை.

அந்தக் குறையை நாம் நீக்கலாம். காரியவட்டம் வளாகத்தில் நீர்வாழ் உயிரியல் துறையும் இருக்கிறது. தமிழ்த் துறையும் இருக்கிறது. ஒரு துறை மாணவருக்கு மீன் தெரியும். மற்றத் துறை மாணவருக்குச் சொல் தெரியும். இருவரும் சேர்ந்து விழிஞ்சம் கரைக்கு ஒருநாள் போகட்டும். முள்ளில் இழை கட்டும் ஒரு முதியவரின் அருகில் அமர்ந்து, எந்தப் பருவத்தில் எந்த இழை, ஏன் அந்த நிறம், அந்தக் கட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதட்டும். நம்மில் சிலருக்கு அந்த முதியவர் அயலாராகவும் இருக்கமாட்டார். சொந்தப் பாட்டனாராகவே இருப்பார். ஆலைகளில் வார்த்த பொய்யிரைகள் கடைக்கு வந்துவிட்டன. கட்டும் விரல்கள் ஓய்ந்தபின் கேட்க ஆளிருக்காது. எழுதி முடித்ததும் முதற்பக்கத்தில் அவர் பெயரை முதலில் எழுதுங்கள்; உங்கள் பெயரை அதற்குக் கீழே எழுதுங்கள்.